வைரஸ் அண்ணனும் மூன்று நிபுணர்களும்

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை, எந்தக் கம்ப்யூட்டரில் எவன் புகுந்தாலும், புகுந்தவன் யார் என்று தெரிந்த ஆள் ஒருவர்தான். ஆம்பூர் வைரஸ் அண்ணன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் செல்போன் ரிப்பேர் கடை. போன் தண்ணீரில் விழுந்திருந்தாலும், லாரி ஏறி நசுங்கியிருந்தாலும் வாங்கித் திருப்பிப் பார்த்து, "வைரஸ்" என்பார். பெயர் அப்படி வந்தது. ஆனால் கை சுத்தம். அவர் மாற்றிய சார்ஜ் பின், போன் செத்த பிறகும் உயிரோடு இருக்கும்.

நான் எட்டாவது வரை படித்தவன். வீடு வீடாகப் பேப்பர் போட்டேன். ஊர்ச் செய்தியும் அனுப்பச் சொன்னார்கள். நிருபர் ஆனேன். ஷூ தைக்கும் தோலைப் பற்றிக் கேட்டால் ஆம்பூரில் தெருவுக்குப் பத்து நிபுணர் உண்டு. கம்ப்யூட்டருக்கு ஒருவரும் இல்லை. ஆலங்காயத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் யாரோ புகுந்துவிட்டபோது, "நிபுணர் கருத்து ஒண்ணு வாங்கிப் போடுய்யா" என்றார் எங்கள் பேப்பர் ஆசிரியர். நான் யாரைத் தேடுவேன்? கையில் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தவர் இவர்தான்.

"குளிர் நாட்டுக்காரன் வேலைப்பா இது."

"எப்படிண்ணா சொல்றீங்க?"

"இந்த வெயில்ல நம்மாளு எவன் பொறுமையா உக்காந்து பண்ணுவான்? நீயே சொல்லு."

'வெளிநாட்டுக் கும்பல் கைவரிசை: சைபர் வல்லுநர் தகவல்' என்று வந்தது.

அதன் பிறகு மற்ற இரண்டு பேப்பர்க்காரர்களும் மாடி ஏறினார்கள். ஒருவர் அவரை 'முன்னாள் ஹேக்கர்' என்று எழுதினார். இன்னொருவர் 'உயர்மட்ட வட்டாரம்' என்றார். கடை மாடியில்தானே இருந்தது. "மூணு பேப்பர்லயும் வந்திருக்கு. அப்ப நெஜம்தான்" என்பார் எங்கள் ஆசிரியர்.

அண்ணன் எங்களிடம் ஒரு டீ கேட்டதில்லை. செய்தியைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டுவார்.

"உங்க பேரே இல்லியேண்ணா?"

"எனக்குத் தெரியும்ல. போதும்."

பிறகு ஒரு ஷூ கம்பெனியில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் முடங்கின. வேலை நின்றது. மாடி ஏறினேன்.

"உள்ள இருக்கிறவங்க வேலையா இருக்குமாண்ணா?"

"இருக்கும்."

அவர் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். எட்டு வரி எழுதியது நான். மறுநாள் மூன்று பேப்பரிலும் மூன்று நிபுணர்கள் உள்ளாள் வேலை என்று அடித்துச் சொன்னார்கள்.

அன்றைக்குக் கடையில் பேசிக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா வந்தாள். அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் பெண். ஒடுகத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணா, அன்னிக்கு கடைசியா ஆஃப் பண்ணது நான்தான். மூணு நிபுணரு சொல்லிட்டாங்கன்னு என்னை நிறுத்திட்டாங்க. ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாங்க. நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு. எனக்காக வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா."

அண்ணன் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"வாம்மா. நீயும் வாப்பா."

போகும்போது சுவரில் இருந்ததை எல்லாம் கிழித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "மூணு நிபுணருங்க சொல்றாங்க. நீ யாருய்யா நடுவுல?"

"அந்த மூணு பேரும் நான்தான் சார்."

"இன்னாது?"

பேப்பர்த் துண்டுகளை மேஜையில் பரப்பினார். "வல்லுநரு நான். ஹேக்கரு நான். வட்டாரமும் நான்தான். எனக்கு ஒண்ணும் தெரியாது சார். சார்ஜ் பின் மாத்துவேன்."

"பொண்ணு அழுவுதுன்னு மாத்திப் பேசுறியா? எங்க, நம்ம ஸ்டேஷன் கம்ப்யூட்டரை ஆன் பண்ணு."

அண்ணன் அதைச் சுற்றி வந்தார். திரையைத் தடவினார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். கும்பிட்டுவிட்டு ஒரு பட்டனை அழுத்தினார். பக்கத்தில் இருந்த பிரிண்டர் வெள்ளைத்தாள் ஒன்றைத் துப்பியது.

"அண்ணா, ஸ்விட்ச்சு மேஜைக்குக் கீழ இருக்கு" என்றார் பெண் போலீஸ். ஸ்டேஷனே சிரித்தது. லாக்கப்பில் இருந்தவனும் சிரித்தான். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் நகரவில்லை.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "இவரைத்தான் கேட்டு எழுதினீங்களா?"

"ஆமா சார். மூணு பேரும்."

இன்ஸ்பெக்டர் வேலூருக்குப் போன் போட்டார்.

கம்ப்யூட்டர் தெரிந்த போலீஸ்காரர்கள் வேலூரிலிருந்து வந்து பார்த்தார்கள். கம்பெனி மேனேஜர் திறந்த மெயில் ஒன்றில் வந்ததாம். வைரஸ். அண்ணன் வாழ்க்கையில் நிஜமாகவே வைரஸ் வந்தது அந்த ஒரு தடவைதான். அன்றைக்குப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை.

ஸ்டெல்லா திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். ஊர் அண்ணனுக்குப் 'பிரிண்டர்' என்று பெயர் மாற்றியது. நிருபர்கள் மாடி ஏறுவதை விட்டார்கள்.

"பேஜாரா இல்லியாண்ணா?" என்று கேட்டேன்.

"கூப்புட்டுட்டுப் போவட்டும்பா. அந்தப் பொண்ணு போற பஸ்ஸு தினம் இந்தப் பக்கந்தான் போவுது. கை காட்டுது."

என் போன் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனாலும் வாரம் ஒரு தடவை ரிப்பேர் என்று சொல்லி மாடி ஏறிவிடுகிறேன்.