பரிசோதகரின் மூன்று உடற்பயிற்சிகள்

ரப்பர் நீச்சல் உடை முழங்கால் வரை மரியாதையாக ஏறியது. தொடையைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க," என்றாள் மனைவி.

"தொடைக்கும் மூச்சுக்கும் என்னடி சம்பந்தம்?"

"அப்ப வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. பேசப் பேச ஊதுது."

பொழுது விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. கூடத்தின் நடுவில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க, மனைவி தரையில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள். உடை, மச்சினனிடம் இரவல் வாங்கியது. "எலாஸ்டிக் மாமா, யாருக்கும் சேரும்" என்று சொல்லித்தான் கொடுத்தான். அந்த 'யாருக்கும்' என்பதில் மாமாவையும் சேர்த்து யோசித்திருக்க மாட்டான்.

"சோப்புத் தூளைப் போடட்டுமா?" என்றாள்.

"போடு."

போட்டாள். கால் கிலோ. உடை வழுக்கிக்கொண்டு தோள் வரை ஏறி, முதுகு ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இப்போது மேலேயும் வராது, கீழேயும் போகாது.

"கவலைப்படாத. இந்த மழையில போட்டியே நடக்காது. போய்த் தலையைக் காட்டிட்டு வந்துடுவேன்," என்றார்.

"வந்து எப்படிக் கழட்டுவீங்க?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் ஒரு மெத்தைக் கம்பெனியில் பரிசோதகர். பதினோரு வருட அனுபவம். ஒரு நாளைக்கு இருபது மெத்தை. ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் மல்லாந்தும் ஐந்து நிமிடம் ஒருக்களித்தும் படுத்து, படிவத்தில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கம்பெனியில் அவரளவுக்கு அசையாமல் உழைத்தவர் எவரும் இல்லை.

ஆனால் போன மாதம் வெளியிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டி வந்து இறங்கியிருந்தது. உள்ளே மெத்தைப் பரிசோதனை இயந்திரம். இந்த மாதக் கடைசியில் தரப் பிரிவு மேலாளர் ஓய்வு பெறுகிறார். கணக்கு எளிது. அந்த மேலாளர் நாற்காலி இவருக்குக் கிடைத்தால் பிழைத்தார். கிடைக்காவிட்டால் இவர் படுத்த இடத்தில் இயந்திரம் படுக்கும்.

நாற்காலியைக் கொடுக்க வேண்டியவர் புது முதலாளி. அப்பாவிடமிருந்து கம்பெனியை வாங்கி ஆறு மாதம் ஆகிறது. வந்த வாரமே லிப்டை நிறுத்தினார். 'மெத்தை விற்பவன் தூங்கக் கூடாது' என்று மாடிக்கு மாடி எழுதி மாட்டினார். வரவேற்பறையில், கண்ணாடிக் கூண்டுக்குள், அவருடைய மலைப்பாதை சைக்கிள் நின்றது. அதை அவருடைய டிரைவர் தினமும் துடைப்பார், காற்றடிப்பார், பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி துடைப்பார். முதலாளி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்.

அந்த முதலாளி கொடுத்த படிவத்தில்தான் வினை பிடித்தது. 'கடைசியாகச் செய்த மூன்று உடற்பயிற்சிகள்' என்று கேட்டு மூன்று கோடு போட்டிருந்தது. பரிசோதகர் கோட்டைக் காலியாக விடும் ஆள் இல்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று எழுதினார். மூன்றும் சத்தியம். நீச்சல், பன்னிரண்டு வயதில் தொட்டிக்குள் விழுந்தபோது. சைக்கிள், கல்லூரியில். ஓட்டம், செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்குப் பின்னால்.

மறுநாள் முதலாளி எல்லாத் தலைவர்களும் இருந்த கூட்டத்தில் அந்தப் படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நீச்சல், சைக்கிள், ஓட்டம்! வரிசை மாறாம எழுதியிருக்காரு பாருங்க. நீங்க டிரையத்லான் ஆளா? ஏன்யா இத்தனை நாள் மறைச்சீங்க?"

அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்குப் பிரிவுத் தலைவரும், விற்பனைத் தலைவரும், பேக்கிங் தலைவரும் அவரை வயிறெரியப் பார்த்தார்கள். பதினோரு வருடத்தில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"விளம்பரம் பிடிக்காது சார்," என்றார்.

"ஞாயித்துக்கிழமை காட்டு டிரையத்லான். ரோடே கிடையாது. ஏரியை நீந்தி, சேத்துல சைக்கிள் மிதிச்சு, மலை ஏறி இறங்கி ஓடணும். நானும் வர்றேன். கடைசி வரைக்கும் யார் என் பக்கத்துல நிக்கிறானோ, அவன்தான் அடுத்த தர மேலாளர்!"

சாயங்காலத்துக்குள் மற்ற மூன்று தலைவர்களும் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

ஏரிக்கரையில் மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது. கூடாரம் ஒன்று பறந்துபோய் மரத்தில் தொங்கியது. பரிசோதகர் ஒலிபெருக்கிக்காரரிடம் நம்பிக்கையோடு போனார்.

"என்ன சார், தள்ளி வச்சிடுவீங்கல்ல?"

"தள்ளி வைக்கிறதா? மூணு வருஷமா வெயில்ல நடத்தி மானமே போச்சு. இந்த வருஷம்தான் சார் ஆண்டவன் கண்ணைத் தொறந்திருக்கான்!"

முதலாளி வந்தார். தலையில் தொப்பி, கண்ணில் நீச்சல் கண்ணாடி, கழுத்திலிருந்து மூக்கு வரை கறுப்புத் துணி. அவர் கையில் ஓர் அட்டை: 'தொண்டை கட்டிவிட்டது. டாக்டர் பேசக் கூடாது என்கிறார். உற்சாகம் குறையவில்லை.'

மூன்று தலைவர்களும் அட்டையைப் படித்துவிட்டுக் கைதட்டினார்கள். பரிசோதகரும் தட்டினார். தட்டியபோது உடைக்குள்ளிருந்து நுரை வந்தது.

விசில் ஊதினார்கள். எல்லோரும் தண்ணீரில் பாய்ந்தார்கள். பரிசோதகர் பாயவில்லை, வழுக்கினார்.

மூழ்கிவிடுவோம் என்றுதான் நினைத்தார். ஆனால் இறுக்கிப் பிடித்த உடைக்குள் வயிற்றுப் பக்கம் காற்று அடைத்துக்கொண்டிருந்தது. மூழ்க முடியவில்லை. நீந்தவும் தெரியவில்லை. வேறு வழி தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். மல்லாந்து படுத்தார்.

சுற்றிலும் நுரை பொங்கியது. காவல் படகு ஒன்று அருகே வந்தது.

"காப்பாத்துங்க!" என்று கத்த வாயைத் திறந்தார். வாயில் சோப்பு புகுந்தது. குமிழிதான் வந்தது.

"அண்ணே, எவ்வளவு ரிலாக்ஸா போறீங்க!" என்று படகுக்காரன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

காற்று ஓங்கி அடித்து அவரை அக்கரையை நோக்கித் தள்ளியது. அலை லேசாக ஆட்டியது. நடுத்தர மென்மை, இடுப்புக்குத் தாங்கல் போதாது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார். ஆறாவது நிமிடம் பழக்க தோஷத்தில் கண் செருகியது. விழித்தபோது தலை கரையில் முட்டியது. பாதிப் பேர் பின்னால் காற்றில் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி பத்தடி தள்ளிக் கரையேறினார். பேக்கிங் தலைவர் அவரோடு ஒட்டிக்கொண்டே ஏறி, காதில் எதையோ கிசுகிசுத்தார். முதலாளி தலையை ஆட்டினார். பேக்கிங் தலைவர் அப்படியே திரும்பி நடந்து, முதலுதவிக் கூடாரத்தில் போய் உட்கார்ந்து டீ கேட்டார்.

"ஓடலையா?" என்றார் பரிசோதகர்.

"எனக்கு இது போதும்பா," என்று அவர் சிரித்தார். தோற்ற ஆள் சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை.

சைக்கிள் பாதை என்று கொடி நட்டிருந்த இடத்தில் பாதையைக் காணவில்லை. சேறு மட்டும் இருந்தது. இருநூறு அடி மிதித்ததில் எல்லோரும் ஒரே நிறமானார்கள். யார் முதலாளி, யார் தொழிலாளி என்று நெஞ்சில் இருந்த எண்ணை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. முதலாளியின் எண் ஒன்று. அதை வேறு யாருக்கும் கொடுக்க அவர் விட்டிருக்க மாட்டார்.

பரிசோதகருக்குத் தொடை எரிந்தது. யோசித்தார். சைக்கிள் கெட்டுப்போனால் யாரும் குறை சொல்ல முடியாது. புதர் ஓரமாக இறங்கி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, செயினைப் பிடித்து இழுத்து அவிழ்த்துவிட்டார். அப்பாடா என்று ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

ஒன்றாம் எண் வந்து நின்றது.

"செயின் போச்சு சார். என்ன பண்றது, விதி. நீங்க போங்க சார், நான் வெறும் தடங்கல்."

முதலாளி சைக்கிளைச் சாய்த்தார். குனிந்தார். இரண்டு விரல். ஒரு சுற்று. செயின் ஏறிவிட்டது. கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, சீட்டைத் தட்டி, ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பரிசோதகருக்குக் கண் கலங்கியது. ஐந்நூறு பேருக்குச் சோறு போடுகிற மனுஷன், ஒரு பரிசோதகனின் அழுக்குச் செயினைத் தொடுகிறாரே! அதோடு நிற்கவில்லை. வழியில் கம்பி வேலிக் கதவு ஒன்று வந்தது. முதலாளி முதலில் இறங்கி, கதவைத் திறந்து, ஓரமாக ஒதுங்கி, இவர் தாண்டும் வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

'இவரைப் போய்த் தலைக்கனம் பிடிச்சவன்னு கேன்டீன்ல சொன்னேனே, பாவி,' என்று பரிசோதகர் தன்னையே திட்டிக்கொண்டார்.

சைக்கிள்களைப் போட்டுவிட்டு மலையேறத் தொடங்கியபோது விற்பனைத் தலைவர் எதிரே இறங்கி வந்தார். ஏறி முடிக்காமலே இறங்கினார். மூக்கில் ரத்தம், முகத்தில் சிரிப்பு.

"நான் வந்த வேலை சேத்துலயே முடிஞ்சுது. பாத்து ஏறுங்க," என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். கணக்குத் தலைவர் இன்னும் கொஞ்சம் மேலே, பாறையில் சாய்ந்து, விசிலடித்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடத்தில் அவர் விசிலடித்து யாரும் கேட்டதில்லை.

உச்சியில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாறை ஓரத்தில் பரிசோதகரும் முதலாளியும் மட்டும் ஒதுங்கினார்கள். தொப்பியில் பனிக்கட்டி டொக் டொக்கென்று விழுந்தது. பக்கத்தில் வேறு ஆளில்லை. பரிசோதகருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"சார், ஒரு உண்மை சொல்லிடறேன். நான் டிரையத்லான் ஆள் இல்ல. படிவத்துல மூணு கோடு இருந்துச்சு, நிரப்பினேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஏரியில தூங்கிட்டு வந்தேன். செயினையும் நான்தான் கழட்டினேன்."

முதலாளி கறுப்புத் துணிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சொல் சொன்னார்.

"சரி."

"கோவம் இல்லையா சார்?"

தலையசைப்பு.

"அந்த மெஷின் வந்தா நான் எங்க சார் போவேன்? வீட்டுல என்னை யாரும் பகல்ல படுக்க விட மாட்டாங்க. அந்தத் தர மேலாளர் வேலை... எனக்குத் தருவீங்களா?"

முதலாளி தொப்பியில் இருந்த பனிக்கட்டியைத் தட்டிவிட்டார். நீச்சல் கண்ணாடிக்குப் பின்னால் எதையோ சொல்லத் தவித்த மாதிரி இருந்தது. பிறகு, "சரி," என்றார்.

இறங்கியபோது பரிசோதகர் ஓடவில்லை; பறந்தார். சேற்றில் இரண்டு முறை விழுந்து, விழுந்ததே தெரியாமல் எழுந்தார். முடிவுக் கோட்டுக்கு முன்னால் மட்டும் சட்டென்று நின்றுகொண்டார். முதலாளிக்கு முன்னால் போய்விடலாமா?

"நீங்க போங்க சார்."

முதலாளி ஒதுங்கி நின்று கையை நீட்டி, நீங்க முன்னால் என்று வழிகாட்டினார்.

"ஐயோ, நான் எப்படி சார்? நீங்க போங்க."

மறுபடியும் அதே கை. இப்படியே இரண்டு நிமிடம். அதற்குள் நாற்பத்திரண்டு பேர் அவர்களைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் ஒலிபெருக்கிக்காரரே வந்து இருவரையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார்.

கூடாரத்தில் மனைவி துண்டோடு நின்றாள்.

"உயிரோடதான் இருக்கீங்களா?"

"மேலாளரோட பொண்டாட்டி மாதிரி பேசு," என்று துண்டை வாங்கிக்கொண்டார்.

மற்ற மூன்று தலைவர்களும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் பரிசோதகரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பரிசோதகர் அவர்களை அதைவிடப் பரிதாபமாகப் பார்த்தார்.

முதலாளி தண்ணீர்க் குழாயைத் தலைக்கு மேல் பிடித்தார். சேறு வழிந்தது. தொப்பியைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார், கறுப்புத் துணியை இறக்கினார். உள்ளேயிருந்து ஒரு பெரிய மீசையோடு டிரைவர் வெளியே வந்தார்.

பரிசோதகரின் கையிலிருந்து துண்டு விழுந்தது. மூன்று டீ கிளாஸ்கள் மூன்று வாய்களுக்கு அருகே நின்றுபோயின.

டிரைவர் நால்வரையும் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"முதலாளி காலையிலேருந்து கார் பின்சீட்டுல நம்ம தலகாணியைப் போட்டு நல்லாத் தூங்குறாரு சார், வழியில யார் என்ன கேட்டாலும் 'சரி'ன்னு மட்டும் சொல்லுன்னுதான் என்னை அனுப்பினாரு, உங்க நாலு பேருக்கும் அந்த ஒரே வேலைய நான் குடுத்துட்டேன்."