ராணியின் வயிற்றில் என் களி

சாப்பாட்டைப் புகழ்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அடுத்த வேளை இரண்டு மடங்காக வரும்.

இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகள். கொல்லிமலை, தேவனூர் நாட்டில் (அங்கே ஊர்த் தொகுதிக்கு நாடு என்று பெயர்) எனக்கு முதல் வாத்தியார் வேலை. குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் செல்லம்மாக்கா தினமும் காலையில் கேழ்வரகுக் களி கொண்டுவந்து வைப்பார். களியை மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும். கும்பகோணத்து இட்லியில் வளர்ந்த என் தொண்டை அதற்கு ஒப்பவில்லை. (தொண்டையா அது, ஊசிக்காது!) உருண்டை பின்பக்க ஜன்னல் வழியாக அக்காவின் நாய் ராணிக்குப் போய்விடும்.

"ஏனுங்க வாத்தியாரே, களி எப்பிடி இருந்துச்சுங்க?"

"அமிர்தம்க்கா!"

மறுநாள் உருண்டை பெரிதாகும். ராணியும்தான்.

சில மாதங்களில் அதன் வயிறு பானையாகி, நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கியது. "வயித்துல கட்டிங்க சாமி. முன்ன வளத்த நாயும் இப்பிடித்தான் வீங்கிச் செத்துச்சு" என்று அக்கா அழுதார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், நாமக்கல்லில் நாய்க்கும் ஸ்கேன் எடுக்கிற டாக்டர் இருக்கிறார் என்று மேதாவித்தனம் காட்ட! போனில் கேட்டபோது, முந்தின இரவிலிருந்து பட்டினி போட்டுக் கூட்டிவரச் சொன்னார் அவர்.

கிளம்பும் நாள் காலையிலும் எனக்குக் களி வந்தது. பாத்திரத்தை வாங்கிப் போக அக்கா வாசலிலேயே நின்றார். பின்னால் கட்டிப் போட்டிருந்த ராணி ஜன்னலையே பார்த்தது. ஓர் உருண்டைதானே என்று தள்ளிவிட்டேன்.

ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகள் முடியும் வரை அக்கா ராணியை மடியில் போட்டுக்கொண்டு அரப்பளீஸ்வரரை வேண்டியபடியே வந்தார்.

டாக்டர் வயிற்று முடியை மழித்து, பசை தடவி, கருவியை வைத்துத் தேய்த்தார். "கட்டி கிட்டி ஒண்ணுமில்லீங்க. ஈரல்ல கொழுப்பு. அளவில்லாமத் தின்னுருக்குது. ஆமா, பட்டினி போடச் சொன்னனே? வயிறு நெறையத் தீனி கெடக்குதுங்களே!"

"சத்தியமா நான் ஒரு வாய் சோறு போடலீங்க."

ராணி படுத்தபடியே என்னைப் பார்த்து வாலாட்டியது. அக்கா வாலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் என் களி.

திரும்பும் வழியெல்லாம் அக்கா ராணியின் மழித்த வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தார். வீடு வந்ததும் சொன்னார்: "புடிக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சோறாக்கிப் போட்டிருப்பனே கண்ணு."

திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் அன்று அழுதுவிட்டேன். மறுநாள் களியைக் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே விழுங்கினேன். ராணி மெல்ல இளைத்து, பழையபடி ஓடத் தொடங்கியது.

இந்தக் கதையை மனைவியிடம் சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. இன்றும் சமையலை நான் பாராட்டினால், அவள் உடனே ஜன்னல் வழியே எட்டி, வெளியே நாய் நிற்கிறதா என்று பார்ப்பாள். மகள் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வாள்:

"எதுக்கும் அப்பாவுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாம்மா."