மவுஸ் தொடாத உத்தமர்கள்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரும் பாய்ச்சல், எங்கள் மருத்துவமனையின் சான்றிதழ்ப் பிரிவில் போன திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு நிகழ்ந்தது. அன்றுதான் நாங்கள் மவுஸைத் துறந்தோம்.

எங்கள் நிர்வாகி ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்திருந்தார். அங்கே பெரிய மூளைக்காரர்கள் யாருமே மவுஸைத் தொடுவதில்லையாம். திரும்பியவர் எல்லோர் கணினியிலும் ஒரு புது எடிட்டரை, அதாவது தட்டச்சு மென்பொருளை, ஏற்றினார். கறுப்புத் திரை. மெனு கிடையாது, பட்டன் கிடையாது.

"கஷ்டமா இருக்கேன்னு பாக்காதீங்க. கஷ்டமா இருந்தாத்தான் அது நல்ல எடிட்டர். முதல்ல பழகுறவருக்கு 'முன்னோடி'ன்னு பட்டயம் உண்டு," என்றார்.

கைதட்டினோம். நான் பிரிவுத் தலைவன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினேன்.

அதன் மேன்மையைச் சொல்லாமல் விட்டால் பாவம். அதில் இரண்டு நிலைகள். எழுத்து நிலையில் அடித்தால் எழுத்து விழும். கட்டளை நிலையில் அடித்தால் ஒவ்வொரு எழுத்தும் ஓர் உத்தரவு. உத்தரவுகள் ஆங்கிலத்தில், எங்கள் சான்றிதழ்களோ தமிழில். ஆகவே ஒரு காற்புள்ளி போட, விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, உத்தரவிட்டு, தமிழுக்கு மாற்றி, புள்ளியை வைத்து, மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். மாற்ற மறந்தால் 'டிங்' என்று ஒலிக்கும். ஏன் என்று சொல்லாது. பெரிய மனுஷத்தனம் என்றால் அதுதான்.

புதன்கிழமை இரண்டரை மணிக்கு ஒரு நர்ஸ் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். எங்களிடம் ஆறு வருடம் வேலை பார்த்து, ராஜினாமா கொடுத்திருந்தவர். கணவரும் மூன்று வயது மகளும் இருக்கிற ஊரிலேயே அவருக்கு வேலை கிடைத்திருந்தது. நாலு மணிக்குள் அனுபவச் சான்றிதழை அனுப்பாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. நாங்கள் கொடுத்ததிலோ 'ஆறு நாட்கள்' என்று இருந்தது. அடித்தவன் நான்தான்.

"ஒரு வார்த்தைதான் சார்."

"ஒரே வார்த்தைதாம்மா. இதோ."

தமிழில் அடித்தேன். டிங். ஆங்கிலத்துக்கு மாற்றி அடித்தேன். வரியே காணாமல் போனது. பதறி இன்னொரு விசையைத் தட்டினேன். அவர் பெயரும் போனது.

"ஐயோ, என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. திரும்பக் கொண்டுவர ஒரு கட்டளை இருக்கு."

"என்ன கட்டளை?"

"அது அடுத்த வாரப் பயிற்சியில வருது."

நிர்வாகிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஓடி வந்து, மொத்தப் பிரிவையும் என் நாற்காலியைச் சுற்றி நிறுத்தினார். "யாரும் உதவி பண்ணாதீங்க. தானே கத்துக்கட்டும்!"

பக்கத்து மேசைத் தட்டச்சர் குனிந்து, "அண்ணே, பழைய எடிட்டர் இன்னும் உள்ளதான் இருக்கு. ரெண்டே நிமிஷம், நான் அடிச்சுத் தர்றேன்," என்றாள்.

"இத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்காதம்மா!"

ஜன்னலுக்கு வெளியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நர்ஸின் போன் அடித்தது. "வந்துடுவேன்டா கண்ணு. சார் அடிச்சிட்டே இருக்கார்."

சார் அடித்துக்கொண்டேதான் இருந்தார். சான்றிதழ் முழுவதையும் முதலிலிருந்து அடித்தார். சேமிக்கத் தெரியவில்லை. சேமித்த பிறகு வெளியே வரத் தெரியவில்லை. நாலு இருபதுக்கு அச்சுப்பொறி காகிதத்தைத் துப்பியது. 'ஆறு ஆண்டுகள்.' ஒரு பிழை இல்லை. அலுவலகமே ஆரவாரம் செய்தது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பட்டயம் கிடைத்தது. நிர்வாகி தம் அறிக்கையில் இன்னொரு சாதனையையும் சேர்த்தார்: 'அனுபவமிக்க செவிலியர் ஒருவரை நிறுவனம் இழக்காமல் தக்கவைத்துக்கொண்டது.' உண்மைதான். அந்த அம்மா ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வார்டுக்கே போய்விட்டார்.

நேற்று மாடிப்படியில் எதிரே வந்தார்.

"பழகிட்டீங்களா சார்?"

"ஓரளவு பழகிட்டேம்மா."

"எம்மவ தினமும் போன்ல கேக்குறா, அம்மா ஏன் வரலன்னு. பழைய எடிட்டர் உள்ளயே இருந்துச்சு, அதைத் திறக்க சாருக்கு வெக்கமா இருந்துச்சுன்னு சொல்லிடட்டுமா?"

பன்னிரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறவன் நான். அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றுமே இல்லை.