பெட்ரோல் குடிக்காத கார்

மாமனாரை எரித்துவிட்டு வந்து ரவ்னீல் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, தகரக் கொட்டகைக்குள் நின்ற அவருடைய கார் தானாக உறுமியது.

உள்ளே ஆளில்லை. கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, வந்த மாதிரியே அடங்கியது. வீட்டுக்குள் ஒப்பாரி பாதியில் நின்றுபோயிற்று.

"அவருதான்," என்றாள் மாமியார் அங்கம்மா. "பெட்ரோலை யாராச்சும் உறிஞ்சிட்டாங்களான்னு பாக்க வந்திருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் தொர்சாமி அப்படிப்பட்ட மனிதர்தான். ஜப்பானில் எவனோ ஓட்டிக் கழித்த, பாதி பேட்டரியிலும் பாதி பெட்ரோலிலும் ஓடும் ஹைப்ரிட் காரை வாங்கியதிலிருந்து, ராக்கிராக்கி ஊரில் அவர் வாயைத் திறந்தால் மைலேஜ்தான். லௌடோகா நகரம் வரை போய் வந்தாலும் பெட்ரோல் முள் அசையாது என்பார். சாவியை மட்டும் யாருக்கும் தரமாட்டார். மருமகன் கால் பட்டால் மைலேஜ் குறைந்துவிடுமாம்.

இத்தனைக்கும் அதை வாங்கச் சொல்லி அவரை அரித்தெடுத்ததே மருமகன்தான். "மாமா, விலையும் கம்மி, பெட்ரோலும் பாதிதான். கண்ணை மூடிட்டு வாங்குங்க!"

அந்தப் பேச்சு இப்போது அவன் கழுத்தைப் பிடித்தது. முந்தின நாள் டவுனுக்குப் போய் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்த தொர்சாமி, செருப்பைக் கழற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவரைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். ரவ்னீல் பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கினான். விளக்குகள் எரிந்தன, ஜப்பான் எழுத்துகள் ஓடின, என்ஜின் மட்டும் வாயே திறக்கவில்லை. மறுபடியும் அமுக்கினான். அமுக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் சாவியை உள்ளேயே விட்டெறிந்துவிட்டு ஓடி, ஒரு கரும்பு லாரியை மறித்து அதில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

"பெட்ரோல் குடிக்காதாம் பெட்ரோல்!" என்றார் தொர்சாமியின் தம்பி முனுசாமி, துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும். "எங்க அண்ணனைக் குடிச்சிடுச்சு. மாப்பிள்ளை பாத்துக் குடுத்த வண்டி."

ரவ்னீலின் மனைவி ஷாயல் அப்பாவின் போட்டோவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், இவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. வண்டி மேல் தப்பில்லை என்று எப்படியாவது நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஆயுசுக்கும் தலைகுனிந்துதான் சோறு தின்ன வேண்டும்.

முதலில் பேய்ப் பேச்சை ஒழிப்போம் என்று மாரியம்மன் கோயில் பூசாரியைக் கூட்டி வந்தான். அவர் பானெட் மேல் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, கண்ணை மூடி மந்திரத்தை ஆரம்பித்தார். கார் உறுமியது. பூசாரி சேப்பங்கிழங்குப் பாத்தியில் போய் விழுந்தார்.

"நம்ம சக்திக்கு மிஞ்சினதுப்பா இது," என்று சேற்றோடு கிளம்பியவர், தட்சிணையைக்கூடக் கேட்கவில்லை. ஊருக்கே பயம் வர அது ஒன்று போதும்.

சரி, வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போய், விற்றவனிடமே விட்டுவிடலாம் என்று, பந்தலடியில் கவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்த ஆட்களைத் திரட்டினான். எட்டுப் பேர் தம் கட்டித் தள்ளினார்கள். சக்கரம் ஒரு அங்குலம் நகரவில்லை.

"எங்க அண்ணன் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டாருடா!" என்று முனுசாமி தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கார் மறுபடி உறுமியது. எட்டுப் பேரும் எட்டுத் திசையில் பறந்தார்கள். கவாச் சட்டி கவிழ்ந்ததுதான் மிச்சம்.

அன்றிலிருந்து அங்கம்மா கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தட்டில் மீன் குழம்பும் மரவள்ளியும் வைத்துக்கொண்டு காரோடு பேசினாள்.

"இப்ப வந்து வந்து கூப்பிடுறியே, அன்னைக்கு எங்கய்யா போன? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கிளம்பியிருக்கக் கூடாதா?"

அதைக் கேட்டு ரவ்னீலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமனாருக்கு அவன் நல்லது செய்யத்தான் நினைத்தான்.

நாலாம் நாள், பக்கத்துக் கிராமத்து இலைசா, துக்க வீட்டுக்கு வழக்கப்படி தருவதற்கு ஒரு கோரைப் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு துக்கம் கேட்க வந்தான். லௌடோகாவில் ஹைப்ரிட் கார்களுக்கென்றே உள்ள ஒர்க் ஷாப்பில் மெக்கானிக். ரவ்னீல் அவன் கையை அப்படியே பிடித்துக்கொண்டான்.

"இலைசா, நீதாண்டா என் மானத்தைக் காப்பாத்தணும். வண்டியைப் பாரு. என்ன இருந்தாலும் மறைக்காம சொல்லு."

"பாத்திருவோம் அண்ணே. கடைசியா யாரு உள்ள உக்காந்தது?"

"நான்தான். அதுக்கப்புறம் ஒருத்தரும் கதவைத் தொடலை."

"அப்ப லேசுதான். ரகசியமா வந்து சொல்றேன்."

"ரகசியம் எதுக்கு? எல்லார் முன்னாடியும் சொல்லு. சத்தமா சொல்லு!"

ரவ்னீலே வீட்டுக்குள் ஓடி எல்லோரையும் வெளியே அழைத்தான். ஷாயல் வந்தாள். முனுசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அங்கம்மா தட்டோடு எழுந்து ஓரமாக ஒதுங்கினாள்.

இலைசா கதவைத் திறந்து குனிந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. உள்ளே உட்கார்ந்து கியரை நகர்த்தினான். எட்டுப் பேர் தள்ளியும் அசையாத கார், ஒரு முனகல்கூட இல்லாமல் முற்றத்துக்கு வந்து நின்றது. "பாத்தீங்களா சின்ன மாமா?" என்றான் ரவ்னீல். நாலு நாளில் முதல்முறையாக அவன் நெஞ்சு நிமிர்ந்தது. ஷாயல்கூட அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

இலைசா ஜன்னல் வழியே தலையை நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சந்தோஷமாகக் கத்தினான்: "வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல அண்ணே, இது சத்தமில்லாமதான் ஸ்டார்ட் ஆகும், அன்னைக்கு நீங்க முதல்ல அமுக்கினப்பவே ஸ்டார்ட் ஆயிடுச்சு, கடைசியா அமுக்கினது இன்னிவரைக்கும் அணையவே இல்ல, பேட்டரி இறங்கும்போதெல்லாம் என்ஜின் தானா உறுமி ஏத்திக்குது, அப்படியும் கால் டேங்க் மிச்சமிருக்கு பாருங்க!"