மாமனார் கோழிகளும் என் வெயில் மருந்தும்

எனக்கு நன்றாகப் பேச வரும். நிறுத்தத்தான் வராது. இதை நான் ஒப்புக்கொள்வதற்கு, நாமக்கல் பக்கத்தில் என் மாமனாரின் கோழிகள் இரண்டு மணி நேரம் தாகத்தோடு காத்துக் கிடக்க வேண்டியிருந்தது.

கோழிக்குக் கொடுக்கும் மருந்தில் ஒரு பங்கு எச்சத்தோடு வெளியேறி, எருவாக வயலுக்குப் போய், மண்ணிலும் வாய்க்காலிலும் தங்கிவிடும். நான் உருவாக்கிய மருந்து அப்படித் தங்காது. கோழிக்குள் வேலையை முடித்து வெளியே வந்ததும் வெயில் பட்டுச் சிதைந்துவிடும். (என் தலைக்கனத்துக்கு அந்தக் குணம் கிடையாது.) அனுமதியெல்லாம் வாங்கியாயிற்று, சோதித்துப் பார்க்கத்தான் யாரும் பண்ணை தரவில்லை. கல்யாணமாகி மூன்றே மாதமான மாப்பிள்ளையை நம்பி, சளி பிடித்த ஒரு கொட்டகைக் கோழிகளை மாமனார் ஒப்படைத்தார்.

"முட்டை கொறஞ்சுக்கிட்டே போகுதுங்க மாப்ள. இந்த மருந்து கேக்குமுங்களா?"

"கேக்கலீன்னா என்ற பட்டத்தையே திருப்பிக் குடுத்தர்றனுங்க மாமா!"

காலையில் குடிதண்ணீரை நிறுத்திவைத்து, கோழிக்குத் தாகம் எடுத்தபின் மருந்துத் தண்ணீர் விடுவது பண்ணை வழக்கம். எல்லோரும் பார்க்கட்டும் என்று கொட்டகைக்கு வெளியே, வெள்ளை டிரம்மில், மூடி போடாமல் மருந்தைக் கலந்தேன். தண்ணீர் மஞ்சளாயிற்று. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வேறு வந்திருந்தார்கள். கூட்டத்தைக் கண்டால் விடுவேனா? வெயில் பட்டால் இந்த மருந்து எப்படிச் சிதையும் என்று விளக்கோ விளக்கென்று விளக்கினேன். சுள்ளென்ற வெயிலில் நின்றுகொண்டு. உள்ளே கோழிகள் கத்தித் தீர்த்தன.

மாமனார் டிரம்மை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க மாப்ள, மஞ்சத் தண்ணி வெள்ளையாப் போச்சுங்களே?"

"நல்லாக் கலந்துருச்சுங்க மாமா" என்றேன் கம்பீரமாக. திறந்துவிட்டார்கள்.

சாயங்காலம் மிச்சத் தண்ணீரைச் சோதித்தேன். மருந்து பொட்டுக்கூட இல்லை. என் கண்டுபிடிப்பு அபாரமாக வேலை செய்திருந்தது, கோழி வாய்க்குப் போவதற்கு முன்பே.

மறுநாள் மூடி போட்ட கறுப்பு டிரம்மில் கலந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரத்தில் சளி விட்டது, முட்டையும் ஏறியது. அதையெல்லாம் அந்த வீட்டில் யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை.

இன்றும் விசேஷத்தில் நான் தொண்டையைச் செருமினால் போதும், மாமியார் சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "மாப்ள பேச ஆரம்பிச்சுட்டாருங்க. பாயசத்த மூடி வையுங்க சாமி!"