சாம்சன் பெற்ற பிள்ளைகள்

சாம்சன் மறுபடியும் குட்டி போட்டிருந்தான்.

இந்த முறை கிறிஸ்துமஸ் குடிலுக்குள். மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில், மகள் மிரேயா பரப்பி வைத்திருந்த வைக்கோலோடு தன் வயிற்று ரோமத்தையும் பிய்த்துப் போட்டு மெத்தை அமைத்து, குழந்தை இயேசுவை ஓரமாக நகர்த்திவிட்டு, ஏழு குட்டிகள். சூசையப்பர் குப்புற விழுந்து கிடந்தார். நிகனோருக்கு அவரைப் பார்த்தால் தன்னையே பார்ப்பது போலிருந்தது.

போன மூவரசர் திருநாளுக்கு மகளுக்குப் பரிசாக இரண்டு முயல்களை வாங்கியபோது, இரண்டும் ஆண்தான் என்று சந்தைக்காரன் பெற்ற தாயின் மேல் சத்தியம் செய்திருந்தான். அதை நம்பித்தான் சாம்சன், கோலியாத் என்று பெயர் வைத்தார்கள். கோலியாத் பெயரைக் காப்பாற்றினான். சாம்சன் கோடையில் ஒரு தடவை, மழைக்காலத்தில் ஒரு தடவை என்று பெற்றுக்கொண்டே இருந்தான். வளர்ந்த குட்டிகளை எல்லாம் நிகனோர் சந்தையில் முயல் குழம்பு விற்கிற பெண்ணிடம் தள்ளிவிட்டு, பண்ணைக்குப் போய்விட்டன என்று மிரேயாவிடம் சொல்லியிருந்தான்.

இப்போது அந்த வழியும் அடைபட்டது. மனைவி அம்பாரோ குடிலுக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சாமி பக்கத்துல பொறந்த குட்டிங்க. இதைக் குழம்புக்கு வித்துட்டு நான் எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போவேன்?"

சோள ரொட்டிக் கடையில் மாவு மெஷின் ஓட்டுகிற சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிடுவதே பெரும்பாடு. கேரட் வாங்கினால் கிழங்கு குடும்பத்துக்கு, தழை முயலுக்கு. ஞாயிற்றுக்கிழமைக் கோழி எப்போதோ நின்றுபோயிற்று. நிகனோர் தக்காளிப் பெட்டிகளை உடைத்து ஒரு கூண்டு அடித்து, கோலியாத்தை மொட்டை மாடிக்கு நாடு கடத்தினான். ஏழு குட்டிகள் என்னவோ வீட்டில்தான் இருந்தன.

"சாமி பக்கத்துல பொறந்திருக்குன்னா இதுங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்கணும்ல?" என்று மிரேயா கேட்டாள்.

அப்போதுதான் நிகனோருக்கு அந்த யோசனை வந்தது. வனத்து அந்தோணியார் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பேட்டை முழுக்க நாய், கோழி, கிளி எல்லாவற்றுக்கும் ரிப்பன் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்த தண்ணீர் தெளித்து வாங்கும். ஒவ்வொரு குட்டிக்கும், ஞானஸ்நானத்தில் அதைத் தன் பிள்ளையாக ஏற்கிற ஒரு ஞானத்தந்தையைப் பிடித்துவிட்டால் போதும். ஞானப்பிள்ளை இந்த வறுமையில் கிடப்பதை எந்த ஞானத்தந்தை பொறுப்பான், கையோடு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டானா? அவன் வாழ்க்கையில் நல்ல யோசனைகள் அதிகம் வந்ததில்லை. அதனால் வந்ததை நல்லது என்று நம்பிவிட்டான்.

அவர்கள் குடியிருந்தது புவெப்லா நகரத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றிய ஒண்டுக்குடித்தனம். கதவு கதவாகத் தட்டினான். காய்கறிக்காரர் பிரிகிதோ சம்மதித்தார். பஸ் டிரைவர் மக்காரியோ கண் கலங்கிக் கட்டிக்கொண்டார். இந்த ஊரில் ஞானப்பிள்ளை வேண்டாம் என்று சொல்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. கடைசியாக வந்தது வீட்டுக்காரி எர்மிலா அம்மாளின் கதவு. பிள்ளைகுட்டி இல்லாத மனுஷி, எந்நேரமும் மாடி ஜன்னலில் உட்கார்ந்து கம்பளி நூலில் எதையாவது பின்னிக்கொண்டிருப்பாள். எதிரே வந்தால் சாம்சனின் உடல்நலம் விசாரிப்பாள், சில நாள் கீரைத் தண்டு கொடுத்தனுப்புவாள். ஆனாலும் வீட்டுக்காரி வீட்டுக்காரிதான். முயலுக்கு ஞானத்தாயாக இருங்கள் என்று அவளிடம் எந்த வாயால் கேட்பது? நிகனோர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அந்தக் கதவைக் கடந்தான்.

திருநாள் அமோகமாக நடந்தது. ஏழு குட்டிக்கும் ஏழு நிறத்தில் ரிப்பன். சாமியார் தண்ணீர் தெளித்தபோது எல்லாம் ஒன்றாகத் தும்மின. திரும்பி வந்து எல்லோரும் நிகனோர் வீட்டிலேயே சாப்பிட்டார்கள். சும்மா அனுப்ப முடியுமா? அம்பாரோ கடன் வாங்கிய சோள மாவை இலையில் சுற்றித் தமால் அவித்தாள். வயிறு நிறைந்ததும் ஒவ்வொருவராக ஞானப்பிள்ளையின் நெற்றியில் முத்தமிட்டு, நிகனோரை "கொம்பாத்ரே" என்று சம்பந்தி போல உறவு சொல்லித் தழுவிக்கொண்டு, குட்டியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

"கூட்டிட்டுப் போகலையா?" என்று நிகனோர் பிரிகிதோவைக் கேட்டான்.

"பெத்தவங்ககிட்ட இருக்கற பிள்ளையப் பிரிக்கலாமா கொம்பாத்ரே? அது பாவம். நான் ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்."

வந்தார். எல்லோரும் வந்தார்கள், மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து. முன்பு அழுகின முட்டைக்கோஸ் இலையைச் சும்மா தந்த பிரிகிதோ, இப்போது தன் ஞானப்பிள்ளைக்கு அழுகின இலையா என்று கோபித்துக்கொண்டார். நல்ல இலையைக் காசுக்குக் கொடுத்தார். குட்டிகள் கொழுத்தன. நிகனோரின் பெல்ட்டில் புது ஓட்டை விழுந்தது.

எர்மிலா அம்மாளின் முகம் மட்டும் திருநாள் அன்றிலிருந்தே சரியில்லை. கீரைத் தண்டு நின்றது. விசாரிப்பு நின்றது. ஜன்னலில் உட்கார்ந்து வெள்ளை நூலைக் குத்திக் குத்திப் பின்னுகிற வேகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இரண்டாவது ஞாயிறு, கொம்பாத்ரேக்கள் கையலம்பிக்கொண்டிருந்த நேரத்தில், மேலிருந்தே சொன்னாள்.

"மெழுகுவர்த்தித் திருநாளுக்கு நான் கீழ வருவேன். அதுக்கப்புறம் இந்த முத்தத்துல முயல் இருக்கணுமா, நீ இருக்கணுமான்னு அன்னைக்குப் பேசிக்கலாம்."

நிகனோர் கணக்குப் போட்டுப் பார்த்தான். இந்த வாடகைக்கு நாய்க்குக்கூட வீடு கிடைக்காது. இதை விட்டால் ஊருக்கு வெளியே போக வேண்டும், மிரேயாவின் பள்ளிக்கூடம் போகும், கடை வேலையும் போகும்.

மறுநாளே சாம்சனையும் ஏழு குட்டிகளையும் கூடையில் போட்டுத் துணியால் மூடி, கிராமத்து மைத்துனனிடம் விட்டுவர பஸ் ஏறினான். பஸ்ஸை ஓட்டியது மக்காரியோ. கூடையிலிருந்து நீல ரிப்பன் எட்டிப் பார்த்ததும் அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"என் பிள்ளைய எங்க கூட்டிட்டுப் போறீங்க, கொம்பாத்ரே?"

நிகனோர் உள்ளதைச் சொன்னான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் தூ என்றார். மக்காரியோ அடுத்த நிறுத்தத்தில் கூடையோடு அவனை இறக்கி, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் தன் கைக்காசில் டிக்கெட் எடுத்து ஏற்றிவிட்டார். சாயங்காலத்துக்குள் விஷயம் முற்றம் முழுக்கப் பரவியது. அதன் பிறகு ஞானப்பெற்றோர் ஞாயிறு மட்டுமல்ல, வியாழனும் வந்து பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எண்ண வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க வேண்டியிருந்தது.

மெழுகுவர்த்தித் திருநாள் விடிந்தது. குடிலைக் கலைக்க வேண்டிய நாள். நிகனோர் தூக்கமில்லாத கண்களோடு முழங்காலிட்டு, மூவரசர்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றினான். ஒட்டகத்தைச் சுற்றினான். மாட்டை எடுக்க வைக்கோலுக்குள் கைவிட்டான். உள்ளே சூடாக என்னவோ நெளிந்தது.

அவன் கையை வெளியே எடுக்கவில்லை. அப்படியே மகளைப் பார்த்தான்.

"கோலியாத்த கீழ கொண்டுவந்தியா?"

"குட்டிங்க பொறந்த அன்னைக்கு மட்டும்தாம்ப்பா" என்றாள் மிரேயா. "அவங்க அப்பா பாக்க வேணாமா?"

நிகனோருக்குக் கோபம்கூட வரவில்லை. அழலாம் போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை. கதவு தட்டப்பட்டது.

எர்மிலா அம்மாள் கோயிலுக்குப் போகிற கறுப்பு உடையில், கையில் ஒரு துணிப்பையோடு உள்ளே வந்தாள். பையில் பூட்டு இருக்கும் என்று அம்பாரோ நினைத்தாள். கட்டிலுக்கடியிலிருந்து ஏழு ரிப்பன்கள் எட்டிப் பார்த்தன. கிழவி அவற்றைப் பார்க்கவில்லை. நேராகக் குடிலிடம் போய், குனிந்து, வைக்கோலை விலக்கிப் பார்த்தாள். ரோமம் முளைக்காத ஐந்து குட்டிகள்.

"அம்மா, ஒரு மாசம் டைம் குடுங்க" என்றான் நிகனோர். "எல்லாத்தையும் எங்கயாவது சேத்துடறேன். எங்களுக்கும் போக வேற இடமில்ல."

அவள் பையைத் திறந்தாள். வெளியே வந்தது வெள்ளைக் கம்பளியில் பின்னிய ஒரு தொப்பி. கட்டைவிரலில் மாட்டலாம், அவ்வளவு சின்னது. மேலே காது விடுவதற்கு இரண்டு ஓட்டைகள். இருக்கிறதிலேயே சின்னக் குட்டியைத் தூக்கி மடியில் வைத்து அளவு பார்த்தபடி, நிகனோரை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"எல்லார் கதவையும் தட்டினே, என் கதவு வந்ததும் செருப்பக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனே. இந்தத் தடவையும் என்ன விட்டுட்டு வேற யாரையாவது ஞானத்தாயா வச்சீன்னா, அப்புறம் நிஜமாவே வீட்ட காலி பண்ண வேண்டியதுதான்."