குறுக்குக்காற்றின் மேல் ஒரு வழக்கு

"ஜன்னலை மூடு, தெசங்கா! குறுக்குக்காத்து என்னைக் கொன்னுடும்!"

"எனக்கு உடம்பெல்லாம் எரியுது, மனுஷா! மூட மாட்டேன்!"

பிப்ரவரி மாதம். மிலுதின் ஆட்டுத்தோல் தொப்பியோடு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தெசங்கா கையில்லாத இரவு உடையில் பால்கனியில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள். சாச்சாக் நகரத்தில் பல்வலி முதல் முதுகுவலி வரை எல்லாவற்றுக்கும் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே வீசும் குறுக்குக்காற்றுதான் காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மிலுதினுக்கு அறவே கிடையாது.

ஜன்னலை ஆணியடித்து மூடினார். தெசங்கா வாசற்கதவைத் திறந்து போட்டாள். ராக்கியா என்ற பழச்சாராயத்தைக் குடித்துச் சூடேற்றிப் பார்த்தார். தூக்கம்தான் வந்தது. அவளோ ஒரு பானை முட்டைக்கோஸ் சுருளைத் தனியாகக் காலி செய்துவிட்டு இளைத்துக்கொண்டே போனாள். அரை வயிறு சாப்பிட்ட அவர் பெருத்தார்.

போதாக்குறைக்கு, இதயத் துடிப்பைச் சீராக்க அவர் விழுங்கும் மாத்திரை ஒவ்வொரு மாதமும் பாதியிலேயே தீர்ந்துபோனது. மருந்துக்கடைக்காரிக்கு எண்ணத் தெரியவில்லை என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

கடைசியில் தெசங்கா பெட்டியைக் கட்டினாள். "ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இந்த அடுப்புக்குள்ள மனுஷி இருப்பாளா?"

மிலுதின் யோசித்தார். அவள் போய்விட்டால் யாரோடு சண்டை போடுவது? டாக்டர் வாயால் 'குறுக்குக்காற்று' என்று வந்துவிட்டால் அவள் அடங்கிவிடுவாள் என்று நம்பி ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தம் எடுத்தார்கள். சனிக்கிழமை முடிவு வந்தது.

"காத்துமில்ல, குளிருமில்ல," என்றார் டாக்டர். "உங்க இதய மாத்திரையில அயோடின் ஜாஸ்தி. சிலருக்கு அது தைராய்டைத் தூங்க வைக்கும், சிலருக்குத் தறிகெட்டு ஓட வைக்கும். உங்களுது தூங்குது, அதான் குளிரும் எடையும். இதய மாத்திரையை நிறுத்தாதீங்க. தினம் காலையில, காபிக்கு முந்தி, வெறும் வயித்துல இந்தத் தைராய்டு மாத்திரையையும் போடுங்க. நடுக்கம் போயிடும்."

மிலுதின் விடவில்லை. "அப்ப என் பொண்டாட்டி ஏன் எரியுறா? ஒரே வீடு, ஒரே ஜன்னல்! அவளுக்கு இதயம் இரும்பு, மாத்திரையே வேண்டாம். காத்துதான், டாக்டர்!"

வாசலை எட்டிப் பார்த்து, அங்கே இருந்தவரோடு பேசிவிட்டு வந்த நர்ஸ் ஸ்லாவிட்சா சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்:

"பெரியவரே, மூடின ஜன்னல்தான் நோய்க்குக் காரணம்னு டாக்டரைச் சொல்ல வைக்க உங்க வீட்டம்மாவும் வெளியில காத்திருக்காங்க. 'அவருக்கு நல்லதுன்னா எனக்கும் நல்லதுதானே'ன்னு போன கோடையிலிருந்து தினம் உங்க டப்பாவுல ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்கிறாங்களாம்!"